இருபத்திரண்டு நாள் நின்ற பாட்டில்

வெற்றிலை துடைக்கிற வேலையைச் செல்லக்கனி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் காளிராஜ் வீட்டு அடுக்களையில் காலை நீட்டி உட்கார்ந்து, மூன்று கவுளிக் கட்டையும் முறத்தில் கொட்டி, ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் முன்னும் பின்னும் துடைத்துக் காம்பைக் கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்தது அவளே நெய்த பேண்டேஜ் துணி. பார்க்கச் சல்லடை மாதிரி இருக்கும். ஈரத்தை மட்டும் நன்றாகப் பிடிக்கும்.

அவள் மகள் பரிபூரணத்துக்கு அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். 1993 ஆவணி. மாப்பிள்ளை, சீனியம்மாளின் மகன், அதே ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் தையில் என்று பேச்சு.

காளிராஜ் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“ஏத்தா, சொன்னது ஞாபகம் இருக்குல்லா?”

“எது?”

“சீனியம்மா மடிச்சுக் குடுக்கற வெத்தலய வாங்கி வாயில போட்டுக்க. மெல்லணும்னு இல்ல. சும்மா ஒதுக்கி வச்சுக்க. அவிய போன பொறவு துப்பிரு.”

“ஒதுக்கி வைக்க எடம் இல்லண்ணே. அங்க ஏற்கெனவே ஒரு ஆளு குடியிருக்கான்.”

“வெளையாடாதட்டி. தை வரைக்கும் வாயத் தொறக்காத. அம்புட்டுத்தான் கேக்கேன்.”

அவர்கள் சனத்தில் தட்டு மாற்றுவதோடு நிச்சயம் முடிந்துவிடாது. பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி மடித்த வெற்றிலையை இன்னொருத்தி வாங்கி, சபை பார்க்க மெல்ல வேண்டும். இரண்டு வாயும் சிவந்த பிறகுதான் ஆண்கள் எழுந்து வேட்டியை உதறுவார்கள். மெல்லாமல் வைத்துவிட்டால் பெண் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம்.

செல்லக்கனி அடுத்த இலையை எடுத்தாள். அவளுடைய இடது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் இருந்தது. அது அந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும்.

அவள் பிறந்தது தேவதானம். வாக்கப்பட்டது ராஜபாளையம். புருஷன் தவசிமுத்து லாரியில் போனவர். 1977இல் போனவர் போனவர்தான், திரும்பவில்லை. பரிபூரணத்துக்கு அப்போது ஏழு வயசு. முப்பது நாள் கழித்துச் செல்லக்கனி சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணி ஷெட்டில் தறிக்குப் போய் நின்றாள். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். ஆறு வருஷத்தில் நாலு தறியை ஒருத்தியாகப் பார்த்தாள்.

ஷெட்டில் தறிச் சத்தத்தில் பேச முடியாது. வாயைத் திறந்தால் பஞ்சு போகும். முதலாளி சுப்புராஜ் தொண்டைக்கு நல்லது என்று ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார். பெண்கள் அதை மூலைப் பெட்டிக்கடையில் கொடுத்துப் புகையிலையாக மாற்றிக்கொள்வார்கள். ஒரு கிள்ளு புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கினால் பஞ்சும் போகாது, பசியும் தெரியாது, மூன்று மணிக்குக் கண்ணும் சொக்காது. பதினாறு வருஷம் செல்லக்கனியின் இடது கன்னம் அப்படித்தான் புடைத்திருந்தது.

அவளைப் பற்றி ஷெட்டில் இன்றைக்கும் சொல்கிற கதை கக்கூஸ் கதவுக் கதை. 1984இல் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று இவள்தான் போய்க் கேட்டாள். எட்டு மாதம் கேட்டாள். சுப்புராஜ் கட்டினார்; கதவு போடவில்லை. “கதவு போட்டா உள்ள போயித் தூங்குவீங்கம்மா” என்றார். மறுநாள் காலையில் செல்லக்கனி தன் வீட்டுப் புறவாசல் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். ஆணியும் சுத்தியலும் இடுப்பில். “எங்க வீட்டுல திருட ஒண்ணுமில்ல மொதலாளி. இங்க பதிமூணு பொம்பளைக மானம் இருக்கு.” சுப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். கதவு அங்கேயேதான் இருந்தது. அவள் வீட்டுப் புறவாசலில் சாக்கு தொங்கியது. மகள் மதுரையில் எம்.ஃபில். சேர்ந்த வருஷம்தான் அதற்குப் புதுக் கதவு வந்தது.

1993 ஆனியில் அவளுக்குச் சாம்பார் உறைத்தது. பிறகு வெறும் மோரும் உறைத்தது. வாயைத் திறந்தால் கன்னம் இழுத்துப் பிடித்தது. பல்தான் என்று நினைத்துப் பல் டாக்டர் கண்ணபிரானிடம் போனாள்.

“நன்னாத் தெறங்கோ” என்றார் அவர். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவர் அடுத்த நோயாளியை வெளியே உட்காரச் சொன்னார். பால் தோய்ந்தது மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுவே சிவந்து குழிந்த புண். மரத்துப்போக ஊசி போட்டு, உளுந்தம்பருப்பு அளவுக்கு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சின்னப் பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டார்.

“இதை மதுரைக்கு அனுப்பிச் சோதிக்கணும். தண்ணிக்குள்ள கெடாது. கெடாதுன்னுட்டு வச்சுண்டு இருக்கப்படாது, தெரியறதா?”

ரத்தம் நிற்கக் கன்னத்தில் அடைத்திருந்த துணியைச் செல்லக்கனி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது எங்க ஷெட்டுத் துணி இல்ல டாக்டரையா. ஊடை இழை கொறையுது. உங்கள ஏமாத்திட்டான்.”

“மொதல்ல அதை உள்ள வையும்மா.”

காளிராஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பலசரக்குக் கடை. வியாழக்கிழமைதோறும் சரக்கெடுக்க மதுரைக்குப் போவார். ஆகவே பாட்டில் அவர் கைக்குப் போயிற்று. உடைந்துவிடாமல் இருக்கச் செல்லக்கனி அதைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, தறியில் இழை கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

அது ஆடித் தேருக்கு நாலு நாள் முன்பு. தேர் முடிந்தது. இரண்டு வியாழன் போனது. கேட்டால், “மதுரைக்காரன் ஆறப்போட்டுத்தான் செய்வான்” என்றார். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்த செல்லக்கனி, அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சோப்பு எடுக்க உள் அலமாரிக்குக் கையை விட்டாள். பினாயில் பாட்டில் வரிசைக்குப் பின்னால் அவள் போட்ட முடிச்சு இருந்தது. அவிழ்க்கப்படவே இல்லை.

காளிராஜ் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தபோது பாட்டில் தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்தது.

“இத எதுக்குண்ணே வச்சிருந்திய?”

“தேரு நேரம். கடையில ஆளில்ல.”

“ரெண்டு வாரம் மதுரைக்குப் போயிட்டு வந்தியள்ல?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். சீனியம்மாள் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்திருந்தது அதே ஆடியில்தான். காகிதம் வந்தால் வியாதிக்குப் பேர் வந்துவிடும். பேர் வராதவரைக்கும் அது வாய்ப்புண். அவருக்குத் தங்கச்சி மேல் பாசமில்லாமல் இல்லை. தகப்பனில்லாத பிள்ளைக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைவதை அவர் தன் உயிரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் நின்றால் எல்லாம் நிற்கும் என்று நம்பினார்.

இருபத்திரண்டு நாள்.

மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் செல்லக்கனி ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

“மடியில என்னக்கா, ஊறுகாயா?”

“ஊறத்தான் போட்டிருக்கு. என் கன்னம்.”

திருமங்கலம் வரைக்கும் அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

சில நாள் கழித்துச் சோதனைச் சாலையில் முடிவு சொன்னவர் டாக்டர் ஜயலக்ஷ்மி. கூட வந்த பரிபூரணம் உயிரியல் படிக்கிற பெண் என்று தெரிந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மகள் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் நகர்ந்தாள்.

“நானும் பாக்கலாமா?” என்றாள் செல்லக்கனி.

“உங்களுக்கு என்னம்மா தெரியும்?”

“என் வாயில உள்ளதுதான? எனக்குத் தெரியாத எடமா?”

டாக்டர் சிரித்துவிட்டு முக்காலியை நகர்த்திப் போட்டார். கண்ணுக்குள் ரோஸ் நிறமும் ஊதா நிறமும் கலங்கி, பிறகு தெளிந்தது. மேலே ஊதாப் புள்ளிகள் நெருக்கமாக அடுக்கடுக்காய் நின்றன. அவற்றுக்கு அடியில் மெல்லிசாக ஒரு கோடு, விரித்த பாய் மாதிரி. ஓரிடத்தில் அந்தக் கோடு இல்லை. அதற்குக் கீழே, ஒன்றுமே இருக்கக்கூடாத ரோஸ் வெளியில், ஊதாப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக இறங்கிக் கிடந்தன.

“இந்த எடத்துல துணி பிஞ்சிருக்கு” என்றாள்.

“ஆமாம்மா” என்றார் டாக்டர். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். பரிபூரணம் படிப்புக்காகச் செய்துகொண்டிருந்தது தவளைக்குஞ்சு வேலை. வாலில் சின்னதாக வெட்டினால் சுற்றியுள்ள தோல் செல்கள் எப்படி ஊர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன என்று பார்ப்பது.

“கீழ கெடந்ததெல்லாம் எப்படிட்டி அங்க போச்சு?”

“நடந்து போச்சும்மா. தவளக்குஞ்சுல நான் பாக்கற அதே நடைதான்.”

“காலா இருக்கு அதுக்கு?”

“வேணுங்கறப்ப செஞ்சுக்கிடும். செல்லுக்குள்ள பூரா இழைம்மா. நம்ம தறிப் பாவு மாதிரி அசையாம நிக்கற இழை இல்ல. ஒரு பக்கம் கட்டும், ஒரு பக்கம் அவுக்கும். முன்பக்கம் இழையக் கட்டித் தள்ளுனா காலு மாதிரி நீளும். அந்தக் காலு கீழ கொக்கி போட்டுப் பிடிச்சுக்கும். பொறவு பின்பக்கத்தக் கழட்டி இழுத்துக்கிடும்.”

செல்லக்கனி மகள் பக்கம் திரும்பினாள். “‘நட’ன்னு யாரு சொல்லுதா?”

பரிபூரணம் நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியைப் பிடிக்க அவளுக்கே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“வெளிய இருந்து சேதி வரும். அத வாங்கறதுக்குன்னே செல்லுத் தோலுல ஒரு புரதம் நிக்கும். அது உள்ள இருக்கறதத் தட்டும், அது அடுத்ததத் தட்டும், அப்படியே கைமாறி இழை கட்டுற எடம் வரைக்கும் போயிரும். காயம் பட்டா ‘நட’. ரெண்டு பக்கமும் வந்து முட்டிக்கிட்டா ‘நில்லு’. தவளக்குஞ்சு நின்னுரும். அதான் காயம் ஆறுது.”

“இது?”

“இதுல ‘நட’ மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு. ‘நில்லு’ ஏறல. பக்கத்துச் செல்லோட கோத்திருந்த கையையும் விட்டுருச்சு. அடியில பாய் மாதிரி இருந்த கோடு மறிச்சா அதக் கரைக்க ஒரு சாறு வேற துப்புது.”

“சுவிச்சு ஒட்டிக்கிட்டா தறி இப்படித்தான் ஓடும். இழை அறுந்தாலும் நிக்காது. துணியெல்லாம் ஓட்டை.” செல்லக்கனி முந்தானையால் வாயைத் துடைத்தாள். “அப்ப மாமா கடையில இருவத்திரெண்டு நாளு இருந்துச்சே, பாட்டிலுக்குள்ளயும் நடந்திருக்குமா?”

“இல்லம்மா. மருந்துல போட்ட அன்னிக்கே அது செத்துப்போச்சு. எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்கும். இப்ப நம்ம பாத்தது ஆடித் தேருக்கு முந்துன கணக்கு.”

செல்லக்கனி நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். விளிம்பு தடித்து, முன்பைவிடப் பின்னால் போயிருந்தது.

“இங்க இருக்கறது நிக்கல.”

“நிக்கலம்மா.”

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறவர் கழுத்தை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். நோய் பரவிய கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றார். புண்ணோடு சேர்த்துச் சுற்றிலும் நல்ல சதையும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும், கன்னம் ஒரு பக்கம் உள்வாங்கும் என்றார். ஆவணி பதினான்காம் தேதி திங்கட்கிழமை கட்டில் காலியாகிறது. தையில் வந்தால் என்று கேட்டதற்கு, “தையில் கழுத்தைப் பற்றி இதே மாதிரி சொல்வேனா என்று என்னால் சொல்ல முடியாது” என்றார்.

நிச்சயதார்த்தம் அந்தத் திங்களுக்கு மூன்று நாள் முந்தி, வெள்ளிக்கிழமை.

காளிராஜ் குதித்தார். “கத்தி வச்சதுலதாம்ட்டி அது முழிச்சுக்கிச்சு! இன்னொருக்காக் கத்தி வச்சா ஒடம்பு பூராப் பரவும். ஊருல நாலு பேரப் பாத்திருக்கேன்.”

“அது தூங்கவே இல்லண்ணே. நீங்கதான் தூங்குனிய. அந்த நாலு பேரும் கடைசியாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாவ. பாட்டில எதுக்கு வச்சிருந்திய? அதச் சொல்லுங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

செல்லக்கனி மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்த வாத்தியாரு பையன உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு.”

“நோய்க்காரி மகள்னு விட்டுட்டுப் போயிட்டான்னா?”

பரிபூரணம் யோசித்துத்தான் சொன்னாள். “அழுவேன். ஒரு பத்து நாளு.”

“சரி, அழு” என்றாள் செல்லக்கனி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். இருபது பேர். ஆண்கள் ஜமுக்காளத்தில் சுவரோரம், பெண்கள் நடுவில். சீனியம்மாள் கனத்த உடம்பு, கனத்த குரல். வரும்போதே வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருந்தது. பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவி, “எம்.ஃபில்.லுன்னாவ, எலும்பாத்தான் இருக்கே. எங்க வீட்டுக்கு வா, ஒரு வருசத்துல கதவுல ஒருக்களிச்சு நொழையுற மாதிரி ஆக்கிருதேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பரிபூரணமும் சிரித்தாள். செல்லக்கனிக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தட்டு மாற்றினார்கள். சீனியம்மாள் சம்மணத்தைச் சரி செய்துகொண்டு ஒரு வெற்றிலையைத் தொடையில் துடைத்தாள். துடைத்த இலைதான்; இருந்தாலும் துடைத்தாள்.

“சுண்ணாம்பு தூக்கலாப் போடட்டா மதினி? ராசபாளயத்து நாக்குக்கு அதுதான ஒறைக்கும்?”

மடித்து நீட்டினாள். செல்லக்கனி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைத் தட்டில் வைத்தாள்.

“வாங்கிக்கிட்டேன் மதினி. மெல்ல மாட்டேன்.”

சுவரோரத்தில் இருந்த ஆண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சீனியம்மாளின் முகம் சுருங்கியது. “ஏன், நாங்க மடிச்ச வெத்தல எறங்காதா?”

“எம் மக உங்க வீட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசைதான். அதான் வாங்கிக்கிட்டேன். எனக்குக் கன்னத்துல புத்துநோய் இருக்கு. வெத்தல படக்கூடாது.”

காளிராஜ் உரக்கச் சிரித்தார். “வாய்ப்புண்ண அவ அப்படிச் சொல்லுதா. நீங்க ஒண்ணும்—”

“புத்துநோய்தான் மதினி. மைக்ராஸ்கோப்புல நானே பாத்தேன். திங்கக்கெழம மதுரையில அறுக்காவ. கன்னம் ஒரு பக்கம் உள்ள போயிரும். கல்யாணத்துக்கு வந்து இப்படித்தான் நிப்பேன். அப்ப இவ யாருன்னு கேட்டுறக்கூடாதுல்லா, அதான் இப்பமே சொல்லுதேன்.”

யாரோ ஒரு கிழவர், “நல்ல காரியத்துல…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

“தொத்துமா?” என்றாள் சீனியம்மாள்.

“தொத்தாது.”

“வழிவழியா வருமா?”

“எனக்கு வந்தது பொகையிலயில மதினி. பதினாறு வருசம். எம் மக அதத் தொட்டதில்ல.”

சீனியம்மாளின் தாடை அசைவது நின்றது. வாயிலிருந்த உருண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மெதுவாக மாறியது.

“தை வரைக்கும் மறைச்சுருக்கலாம்” என்றாள் செல்லக்கனி. “தாலி ஏறுன பொறவு உங்களால ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா என் கன்னத்துல இருக்கறது தை வரைக்கும் உக்காந்திருக்காது. ஒளிச்சு வச்சு நான் ஆபரேசனுக்கும் போவ மாட்டேன், எம் மகளையும் அனுப்ப மாட்டேன். பதில இன்னிக்கே கேக்கல. யோசிச்சுச் சொல்லுங்க.”

காளிராஜ் எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு தெரிந்தது.

“யாரக் கேட்டுட்டி இதச் சபையில சொன்ன? மாமன்னு நான் ஒருத்தன் இங்க எதுக்கு இருக்கேன்?”

செல்லக்கனியும் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல் அது. உயர்த்தியிருந்தால் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“நீங்க யாரக் கேட்டுண்ணே அந்தப் பாட்டில வச்சிருந்திய? இருவத்திரெண்டு நாளு. எதுக்கு?”

“எந்தப் பாட்டிலு?” என்றாள் சீனியம்மாள், அண்ணனையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்து.

காளிராஜ் சந்தனக் கிண்ணத்தைக் குனிந்து எடுத்தார். அதை வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பரிபூரணம் தலை குனியாமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எதையோ சொல்ல வாயெடுத்துத் தன் அம்மாவைப் பார்த்து நிறுத்தினான்.

செல்லக்கனி அண்ணன் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காக நின்றாள். அடுக்களையிலிருந்து காப்பிக்கு வைத்த பால் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு நடுவே வழி விடச் சொல்லி, பாலை இறக்கி வைக்க உள்ளே போனாள்.